வளர்த்த நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டி வந்தால்: சென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

வளர்ந்த நாய்க்குச் சரியான வீடு பார்த்துக் கொடுக்க 6 முதல் 8 வாரம் ஆகும். நாட்டு நாயாகவோ 7 வயதைத் தாண்டியதாகவோ இருந்தால் இன்னும் கூடும். ஆனால் பலரும் கடைசி வாரத்தில்தான் தொடங்குகிறார்கள். வீட்டைக் காலி செய்ய வண்டி சொல்லியாகிவிட்டது, விசா கைக்கு வந்துவிட்டது, அதன் பிறகுதான் நாயின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கிறது. அந்த அவசரத்தில் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறார்கள். யாரும் கேட்காவிட்டால் எங்காவது விட்டுவிட்டு வருகிறார்கள். நாய் உங்கள் வீட்டில் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிட்டால், கீழே சொல்லும் எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம்.

முதலில், கொடுக்கத்தான் வேண்டுமா?

சொல்லப்படும் காரணங்களில் பாதிக்கு மேல் வேறு வழி உண்டு.

வாடகை வீடு. அடுக்குமாடி அசோசியேஷன் 'நாய் கூடாது' என்று தீர்மானம் போட்டால் அது செல்லாது. பொதுக்குழுவில் பெரும்பான்மை இருந்தாலும் செல்லப் பிராணிகளைத் தடை செய்யக் கூடாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லக் கூடாது என இந்திய விலங்கு நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஹவுஸ் ஓனர் விஷயம் வேறு. ஒப்பந்தத்திலேயே 'நாய் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் வாரியத்தின் கடிதத்தைக் காட்டிப் பயனில்லை. எனவே புரோக்கரிடம் முதல் வார்த்தையே நாயைப் பற்றியதாக இருக்கட்டும். தனி வீடு, தரைத்தளம், ஓனர் அதே கட்டடத்தில் குடியிருக்காத இடம் ஆகியவற்றில் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சான்று, மாநகராட்சி உரிமம் மூன்றையும் காட்டி, நாய் சுரண்டிய கதவை மாற்றித் தருவதாக எழுதிக் கொடுங்கள். வாயால் கெஞ்சுவதைவிட இது எடுபடும்.

வீட்டில் கர்ப்பிணி. 'நாய் முடியால் குழந்தைக்கு ஆபத்து' என்று சொல்வது பெரும்பாலும் டாக்ஸோபிளாஸ்மா பயம்தான். அந்தக் கிருமி பூனையின் மலத்தோடும் சரியாக வேகாத இறைச்சியோடும் தொடர்புடையது. நாயை அனுப்பிவிடுவதால் அது தீராது. நாய்க்குக் குடற்புழு மருந்தும் உண்ணி மருந்தும் தவறாமல் கொடுங்கள். குழந்தை பிறப்பதற்கு 2 மாதம் முன்பே அது படுக்கும் இடத்தையும் வெளியே போகும் நேரத்தையும் மாற்றிப் பழக்குங்கள். குழந்தை வந்த பிறகு இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. அதில் மட்டும் சலுகை கிடையாது.

அடங்காத நாய். 8 மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். செருப்பைக் கடிக்கும், தாவும், கூப்பிட்டால் வராது. 'லேப் (லாப்ரடார்) வேண்டுமா, ஒரு வயதுதான்' என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். காலையும் மாலையும் 45 நிமிட நடை, கடிப்பதற்கு ஏதாவது ஒரு பொருள், நாளெல்லாம் பால்கனியில் கட்டிப் போடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் 3 வாரம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

திடீரென்று உறுமுகிறது, தொட்டால் கடிக்க வருகிறது என்றால் டிரெயினரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காதுச் சீழ், பல்வலி, இடுப்பு மூட்டுத் தேய்வு போன்ற வலிகள் நாயை அப்படி மாற்றும்.

வெளிநாடு. நாயைக் கூட்டிப் போகவே முடியாது என்று பலர் தாமாக முடிவு செய்துகொள்கிறார்கள். முடியும், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பிறகுதான் ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன் போட்ட ஊசியை ஐரோப்பிய நாடுகளும் பிரிட்டனும் கணக்கில் எடுப்பதில்லை. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்த பின் ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது 4 மாதம். அமெரிக்கா 6 மாத வயதுக்குக் குறைந்த நாயை அனுமதிப்பதில்லை. வேலை உறுதியான அன்றே சிப் போட்டுவிட்டால் பாதி வழி தாண்டியாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை. வளர்த்தவர் இறந்துபோன வீடு, கீமோ எடுத்துக்கொள்ளும் நோயாளி இருக்கும் வீடு, இரண்டு நாய்கள் ஒன்றையொன்று கிழித்துக்கொள்ளும் வீடு ஆகியவற்றில் கொடுப்பதுதான் நாய்க்கும் நல்லது.

செய்யக் கூடாத மூன்று

தெருவில் விடுவது. சென்னையில் ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே ஒரு நாய்க் கூட்டம் எல்லை பிரித்து வாழ்கிறது. புதிதாக வரும் நாயை முதல் இரவிலேயே கடித்துத் துரத்தும். துரத்தப்பட்ட நாய் ஓடும். ஓடும் இடம் மெயின் ரோடு. வீட்டு நாய்க்குக் குப்பையில் தேடித் தின்னவும் தெரியாது, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-ன்படி குற்றம்.

காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போவது. கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய கிண்டி ப்ளூ கிராஸ் போன்ற இடங்களுக்கு அடிபட்டவை, நோயுற்றவை, கருத்தடைக்கு வருபவை என்றே கை நிறைய வேலை இருக்கிறது. சோபாவில் தூங்கிய நாயை நூற்றுக்கணக்கான நாய்களின் சத்தத்துக்கு நடுவே விட்டால், பயத்தில் சாப்பிடாமல் ஒடுங்கும். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் நோய்கள் எதுவும் தொற்றலாம். காப்பகத்திடம் உதவி கேட்கலாம்: விளம்பரத்தைப் பகிரச் சொல்லலாம், தத்தெடுப்பு முகாமுக்கு நாயோடு வரலாமா என்று கேட்கலாம். இடம் மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாவது, 'செங்கல்பட்டுப் பக்கம் தோட்டம், ஜாலியா ஓடி விளையாடும்' என்ற வாக்குறுதி. பல தோட்டங்களில் அந்த நாய்க்குக் கிடைப்பது மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு சங்கிலி. வேலி இருக்காது, பாம்பும் உண்ணியும் இருக்கும், மருத்துவர் 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். தோட்டம் என்றால் இதைக் கேளுங்கள்: இரவில் அங்கே தங்குவது யார்? சுற்றுச் சுவரோ வேலியோ முழுமையாக இருக்கிறதா? இதற்கு முன் அங்கிருந்த நாய் என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

முதல் 3 வாரம்: நாயைத் தயார் செய்வது

முதல் நாளே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் நல்லது.

கருத்தடை முதலில். தையல் ஆற 10 முதல் 14 நாள் வேண்டும், அதனால்தான் இதை முதல் வாரத்தில் வைக்கச் சொல்கிறோம். பெண் நாய் ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) இருந்தால் பல மருத்துவர்கள் சுமார் 2 மாதம் போகட்டும் என்பார்கள். உங்கள் கால அட்டவணையே மாறிவிடும் என்பதால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆண் நாய்க்கு அறுவை முடிந்த பிறகும் சில வாரம் இனப்பெருக்கத் திறன் மிச்சமிருக்கும். 'வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று தள்ளாதீர்கள். கருத்தடை ஆகாத ஜாதிப் பெண் நாயை இலவசமாகக் கேட்டு வருபவர்களில் குட்டி போட வைத்து விற்கிறவர்கள் உண்டு. அவர்கள் இனிமையாகப் பேசுவார்கள், பிள்ளைகளின் படம்கூடக் காட்டுவார்கள். கருத்தடைச் சான்றைப் பார்த்ததும் பதில் வராது. இதைவிட மலிவான வடிகட்டி வேறில்லை.

அடுத்து ரத்தப் பரிசோதனை. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் உண்டு. எர்லிக்கியா கிருமி உடம்பில் இருந்தும் நாய் வாரக்கணக்கில் நன்றாகவே நடமாடும். இட மாற்றத்தின் அதிர்ச்சியில் புதிய வீட்டில் படுத்துவிடும். 'சீக்கு நாயைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்ற பேச்சு வரும், நாயும் திரும்பி வரும். ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். ரேபிஸ் ஊசி ஓராண்டு கடந்திருந்தால் புதுப்பியுங்கள், குடற்புழு மருந்து கொடுங்கள். மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் இல்லாவிட்டால் இப்போதே எடுத்துவிடுங்கள். உரிமத்துக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள். ராட்வைலர், பிட்புல் போன்ற இனங்கள் என்றால், புதிய வீட்டார் பெயரில் உரிமம் கிடைக்குமா என்று மாநகராட்சியிடம் விசாரித்த பிறகே ஆள் தேடத் தொடங்குங்கள்.

மீதி நாட்களில் பழக்கம். பெல்ட், செயினோடு இழுக்காமல் நடப்பது, 2 மணி நேரமாவது தனியாக இருப்பது, வேறொருவர் கையால் சாப்பிடுவது ஆகியவற்றைப் பழக்குங்கள். மூன்றாவது பலரும் நினைத்துப் பார்க்காதது. ஒரே ஆள் கையால் மட்டும் தின்னும் நாய், புதிய வீட்டில் 4 நாள் பட்டினி கிடக்கும்.

விளம்பரம்: குறைகளை மேலே எழுதுங்கள்

'ரொம்ப சாது, எல்லாரோடும் பழகும்' என்று எழுதினால் நூறு பேர் கேட்பார்கள். அவர்களில் தொண்ணூறு பேர் உங்கள் நாய்க்கு ஆகாதவர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

'டாமி, ஆண், 4 வயது, நாட்டு நாய், 18 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்று. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாது. பெரியவர்களோடு நன்றாகப் பழகும். சின்னப் பிள்ளைகள் ஓடினால் துரத்தும், அதனால் 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீடு வேண்டாம். பூனை ஆகாது. தனியாக 4 மணி நேரம் இருக்கும், அதற்கு மேல் குரைக்கும். இடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய்விடும். கொடுக்கும் காரணம்: வளர்த்தவர் காலமாகிவிட்டார்.'

படங்கள் நான்கு போதும்: பகல் வெளிச்சத்தில் முகம், பக்கவாட்டில் முழு உடம்பு, ஒரு மனிதருக்கு அருகில் நிற்பது (உயரம் தெரியும்), செயினோடு நடக்கும் 20 வினாடி வீடியோ. வீட்டு முகவரியும் கென்னல் கிளப் சான்றிதழின் (ஜாதி நாய் என்று காட்டும் பதிவு) படமும் பொதுவில் வேண்டாம்.

பணம் கேட்கலாமா என்பதில் இரு கருத்து உண்டு. விலை வைத்தால் விற்பனையாகிவிடும், இலவசம் என்றால் மதிப்பிருக்காது. எங்கள் யோசனை, கருத்தடைச் செலவின் ரசீதைக் காட்டி அதில் பாதியைக் கேட்பது. பணத்துக்காக அல்ல, யோசிக்காமல் வருகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

போனில் 15 நிமிடம் பேசுங்கள். வீட்டில் யார் யார்? எல்லோரும் சம்மதமா? நாய் வெளியே அழைத்துப் போகப்படும் நேரம், போகிறவர் யார்? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா, காட்டிய மருத்துவர் யார்? வாடகை வீடு என்றால் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கே அதில்தானே சிக்கல் வந்திருக்கும்.

'பையன் பிறந்த நாளுக்கு சர்ப்ரைஸ்', 'டிரைவரை அனுப்புறேன், குடுத்துடுங்க', 'ஆபரேஷன் பண்ணாததுதான் வேணும்' என்ற மூன்றில் எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் தேறியவர் வீட்டுக்கு நாய் இல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். கேட் கம்பிகளின் இடைவெளியில் நாயின் தலை நுழையுமா? மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? அதன் பக்கத்தில் ஏறி நிற்கத் தண்ணீர்த் தொட்டியோ பழைய நாற்காலியோ கிடக்கிறதா? நாய் இரவில் எங்கே தூங்கும்? 'மாடியில்' என்றால் கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் முதலில் வீட்டுக்குள் சந்திக்க விடக் கூடாது. இரு வீட்டுக்கும் பொதுவான ஒரு தெருவில், செயினோடு, 3 மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் 20 நிமிடம் நடக்க வையுங்கள்.

கொடுப்பது குட்டி என்றால் 8 வாரம் முடியும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடந்த சில மாதங்களில் பார்வோ வந்து நாய் இறந்த வீட்டுக்கு முழுத் தடுப்பூசி ஆகாத குட்டியைக் கொடுக்காதீர்கள். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், டெட்டால் போட்டுத் துடைத்தால் போகாது.

கடித்த நாயைக் கொடுக்கலாமா?

இங்கேதான் நல்ல மனிதர்களும் பொய் சொல்கிறார்கள். உண்மையைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயம். சொல்லாமல் கொடுத்தால், அந்த வீட்டில் ஒரு குழந்தை கடிபட்ட பிறகு உண்மை வெளிவரும்.

எப்படிக் கடித்தது என்பதைப் பிரித்துப் பாருங்கள். காற்றில் பல்லைக் காட்டியது, பல் பட்டும் தோல் கிழியாதது, ஒரே கடியில் ஆழமில்லாத துளை ஆகியவை எச்சரிக்கைகள். சாப்பிடும்போது தட்டில் கை வைத்தது, தூங்கும்போது மிதித்தது போன்ற தெளிவான காரணமும் இருந்தால், சின்னக் குழந்தைகள் இல்லாத, நாயை அறிந்த வீட்டுக்கு எழுத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆழமாக, பலமுறை, பிடித்து உலுக்கிக் கடித்தது, அதுவும் காரணமே தெரியாமல் என்றால், அந்த நாயை யாருக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவரும் அனுபவமுள்ள டிரெயினரும் பார்த்த பிறகும் வழியில்லை என்றால், உங்கள் மடியில் வலியில்லாமல் தூங்க வைப்பதும் பொறுப்பான முடிவுதான். தெரியாத இடத்தில் அடிபட்டுச் சாவதைவிட அது மேல். இதைச் சொல்வதற்காக எங்களைத் திட்டுகிறவர்கள் உண்டு. கடிபட்ட குழந்தையின் வீட்டார் அவர்களில் இல்லை.

நாய் யாரையாவது கடித்து 10 நாள் ஆகும்வரை அதைக் கைமாற்றவே கூடாது. ரேபிஸ் இல்லை என்று உறுதிசெய்யக் கண்காணிக்கும் காலம் அது. நாய் உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். கடிபட்டவர் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, உங்கள் நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒப்படைக்கும் நாள்

தீபாவளியை ஒட்டிய 2 வாரம் வேண்டவே வேண்டாம். மற்றபடி புதிய வீட்டில் எல்லோரும் இருக்கும் சனிக்கிழமை காலை நல்லது. மே மாதம் என்றால் 8 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் என்பதால் முந்தைய இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

கூடவே போக வேண்டியவை: 10 நாளுக்கான பழைய சாப்பாடு, அது படுக்கும் துவைக்காத போர்வை, தடுப்பூசி அட்டை, பரிசோதனை முடிவுகள், சிப் எண், புதிய வீட்டாரின் செல்பேசி எண் பொறித்த பெல்ட் வில்லை. ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நாயின் அடையாளம், சொல்லப்பட்ட நோய்கள், கடித்த வரலாறு இவையெல்லாம் அதில் இருக்கட்டும். வேறு யாருக்கும் கைமாற்றாமல், முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்ற வரி அவசியம். ஊரை விட்டே போகிறவர்கள் 'என்னிடம்' என்பதற்குப் பதிலாக இங்கேயே இருக்கும் உறவினர் ஒருவர் பெயரை, அவரிடம் கேட்டுவிட்டு, எழுதுங்கள்.

எடுத்துக்கொள்கிறவர்களுக்கு

முதல் 3 நாள் நாய் மூலையில் கிடக்கும், சரியாகச் சாப்பிடாது, ஒன்றுக்குப் போகவே தயங்கும். 3 வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும். அதன் உண்மையான குணமும், குறும்பும் சேர்த்து, அப்போதுதான் வெளியே வரும். முழுதாக ஒட்டிக்கொள்ள 3 மாதம் ஆகலாம். இது தோராயக் கணக்குதான். 10-ஆம் நாள் 'எங்களுக்கு செட் ஆகல' என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், கட்டிப்பிடிக்க வேண்டாம். சாப்பாட்டை மாற்றுவதானால் ஒரு வாரத்தில்: முதல் 2 நாள் கால் பங்கு புதியது, அடுத்த 2 நாள் பாதி, பிறகு முக்கால். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். அதை நோய் என்று நினைத்துப் பதறுவீர்கள். முதல் 24 மணி நேரம் சாப்பிடாவிட்டால் காத்திருக்கலாம். 48 மணி நேரம் கடந்தாலோ, தண்ணீரும் குடிக்காவிட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் முதல் 2 வாரத்தில்தான், கூரியர்காரருக்குக் கதவு திறக்கும் அந்த அரை நிமிடத்தில். அந்த நாட்களில் கதவைத் திறக்கும் முன் நாய் செயினில் இருக்கட்டும். வெளியே போகும்போது பெல்ட் ஒன்று, ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) ஒன்று, இரண்டிலும் செயின். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துப் பெல்ட்டைத் தலை வழியாகக் கழற்றிவிடும். பெல்ட்டுக்குள் இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவு இறுக்கம் வேண்டும். தப்பிவிட்டால் துரத்தாதீர்கள். பழைய வீட்டாரை உடனே கூப்பிடுங்கள். அவர்கள் குரலுக்கு வரும், பழைய வீட்டை நோக்கியும் நடக்கும்.

பழைய வீட்டார் போய்ப் பார்க்கலாமா? முதல் ஒரு மாதம் வேண்டாம். வீடியோ கேளுங்கள், போதும். நாய் அங்கே காலூன்றத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் போய் நின்றால், கிளம்பும்போது கேட்டருகே அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு மாதம் கழித்து நிலைத்துவிட்டது தெரிந்ததும் உரிமத்தைப் புதியவர் பெயருக்கு மாற்றும் வேலையை முடித்துவிடுங்கள். சிப் பதிவில் உங்கள் எண்ணே இருந்தால், நாய் தொலையும் நாளில் போன் வருவது புதியவருக்கல்ல, அப்போது வேறு ஊரில் இருக்கும் உங்களுக்கு.